குக்கீ மாவைத் தேய்த்த பிறகு ஃப்ரிட்ஜில் வையுங்கள்

பிள்ளைகளோடு சுகர் குக்கீ செய்யும்போது மாவை உருண்டையாக ஃப்ரிட்ஜில் வைத்தால் கல்லாகிவிடும். சின்னக் கைகளால் தேய்க்க முடியாது. பிசைந்த உடனே இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவில் வைத்து 5 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, அப்படியே தட்டோடு அரை மணி நேரம் குளிரவிடுங்கள். அப்புறம் அச்சை அழுத்தினால் நட்சத்திரத்தின் முனைகூட மழுங்காமல் வரும். மைதா தூவ வேண்டியதில்லை, குக்கீ வறண்டும் போகாது.

180 டிகிரியில் 10 நிமிடம். ஓரம் லேசாகப் பொன்னிறமானதும் எடுத்துவிடுங்கள். நடுவில் மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால் இறுகும்.

சூட்டோடு ஐசிங் போட்டால் உருகி வழியும். அதனால் அலங்காரத்தை நான் மறுநாளுக்கு வைத்துக்கொள்கிறேன். ஒரு கப் ஐசிங் சர்க்கரைக்கு 4, 5 டீஸ்பூன் பால் போதும். பட்டர் பேப்பரை மருதாணி கோன் போலச் சுருட்டி, ஐசிங்கை நிரப்பிக் கையில் கொடுங்கள், கோடு போட அவர்களுக்கே வந்துவிடும்.