இரு விமான நிலையங்களுக்கு இடையிலான தொலைவையும் பயண நேரத்தையும் நாமே கணக்கிடுவது எப்படி?

இணையத்தில் தேடினால் தளத்துக்குத் தளம் விடை மாறுகிறது என்பதால், ஒரு விரிதாளைத் திறந்து நாமே கணக்கிட்டுக்கொள்வதையே நான் பரிந்துரைக்கிறேன். லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் ஜான் எஃப். கென்னடி நிலையத்துக்குச் செல்லும் வழியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

படி 1: நகரத்தை அன்றி நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள். 'எல்.ஓ.என்' என்ற குறியீடு லண்டனின் எல்லா நிலையங்களையும் சேர்த்துக் குறிக்கும், 'எல்.எச்.ஆர்' ஹீத்ரோவை மட்டுமே குறிக்கும்.

படி 2: நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைப் பதின்ம வடிவில் எழுதுங்கள். ஹீத்ரோ 51.4700, -0.4543, கென்னடி 40.6413, -73.7781. மேற்குத் தீர்க்கரேகைக்கு முன்னால் கழித்தல் குறி கட்டாயம் இருக்க வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். ஹீத்ரோ, தீர்க்கரேகை பூஜ்யமாகும் கிரீனிச் கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால், அதன் குறியை மட்டும் விட்டுவிட்டால் விடையில் ஏறத்தாழ 60 கி.மீ. கூடும், ஆனாலும் அந்த எண் பார்வைக்கு நம்பும்படியே இருப்பதால் பிழை கண்ணில் படாது. ஆகவே ஒவ்வொரு எண்ணையும் வரைபடத்தில் இட்டு, புள்ளி ஓடுபாதைகளின் மேல் விழுகிறதா என்று பார்த்துவிட்டே அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

படி 3: நான்கு எண்களையும் பாகையிலிருந்து கோணத்தின் மற்றோர் அலகான ரேடியனுக்கு மாற்றுங்கள்; விரிதாளின் சைன், கோசைன் சார்புகள் ரேடியனையே எதிர்பார்க்கின்றன. இரு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள். அவற்றின் கோசைன்களைப் பெருக்கி, அதைத் தீர்க்கரேகை வேறுபாட்டின் கோசைனாலும் பெருக்கி, முதல் விடையுடன் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகையின் தலைகீழ்க் கோசைன் (விரிதாளில் ACOS) 0.8696 என வரும். அதைப் பூமியின் சராசரி ஆரமான 6,371 கி.மீ.யால் பெருக்கினால் 5,540 கி.மீ., அதாவது சுமார் 2,991 கடல் மைல் கிடைக்கும். பூமி முழுமையான கோளம் அன்று. ஆகவே இம்முறையில் அரை சதவீதம் வரை வேறுபாடு வரலாம். சரிபார்க்க எனக்குப் பிடித்த கருவி கிரேட் சர்க்கிள் மேப்பர் என்ற இணையதளம். தட்டையான வரைபடத்தில் அளவுகோல் வைத்து அளப்பதை நான் ஏற்பதில்லை, ஏனெனில் மிகக் குறுகிய வழி அங்கே வடக்கு நோக்கி வளைந்தே தெரியும்.

படி 4: தொலைவை வேகத்தால் வகுங்கள். மணிக்கு 900 கி.மீ. என்றால் 6 மணி 9 நிமிடம். எதிர்க்காற்று 100 கி.மீ. வேகத்தில் வீசினால் அது 6 மணி 55 நிமிடமாகும். அதே காற்று பின்னிருந்து தள்ளினால் 5 மணி 32 நிமிடமே. வட அட்லாண்டிக்கின் மேல் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் தாரைக் காற்றால்தான் நியூயார்க்கிலிருந்து லண்டன் திரும்பும் பயணம் விரைவாக முடிகிறது. 2020 பிப்ரவரியில் ஒரு பயணிகள் விமானம் அத்திசையில் 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தரையில் ஊர்வதற்கும் ஏறி இறங்குவதற்கும் அரை மணி முதல் முக்கால் மணி வரை சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: கால அட்டவணையுடன் ஒப்பிடுங்கள். 11 மணிக்குப் புறப்பட்டு 14 மணிக்குச் சேரும் என்றிருந்தால் பயணம் 3 மணி நேரம் அன்று. நியூயார்க் 5 மணி நேரம் பின்தங்கியிருப்பதால் 8 மணி நேரம்.

பின்சேர்க்கை: மார்ச்சில் கணக்கு ஒரு மணி நேரம் பிசகுகிறதே என்று கேட்டவர்களுக்காக இதைச் சேர்க்கிறேன். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறன்றும் பிரிட்டன் மார்ச் கடைசி ஞாயிறன்றும் கோடைக்கால நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்நகர்த்துகின்றன. இடைப்பட்ட நாட்களில் வேறுபாடு 4 மணி நேரமே. பிரிட்டன் கடிகாரத்தைப் பின்நகர்த்தும் அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் அமெரிக்கா பின்நகர்த்தும் நவம்பர் முதல் ஞாயிறு வரையிலும் அப்படித்தான்.