தோர்தோன் ஆற்றில் முதல் கேனோ பயணம்: எப்படிப் போவது?

பிரான்சின் தென்மேற்கில் தோர்தோன் என்று ஓர் ஆறும் இருக்கிறது, ஒரு மாவட்டமும் இருக்கிறது. 1790இல் மாவட்டங்களைப் பிரித்தபோது பெரிகோர் என்ற பழைய பெயரை விட்டுவிட்டு ஆற்றின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

1. தங்குமிடம். மாவட்டத் தலைநகர்தானே என்று பெரிகோவில் அறை போடாதீர்கள், அது இந்த ஆற்றங்கரையிலேயே இல்லை, ஈல் என்ற வேறோர் ஆற்றின் கரையில் இருக்கிறது. ஆற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் சார்லா என்ற ஊரில் தங்குங்கள். போர்தோவிலிருந்து நேரடி ரயில் உண்டு.

2. பாதை. முதல் தடவைக்கு செனாக் என்ற கரையோர ஊரில் ஏறி, ஆற்றோட்டத்தில் கீழே இருக்கும் பேநாக்கில் இறங்கினால் போதும். வாடகைக்குக் கொடுப்பவர்களே வண்டியில் ஏற்றிப்போய் மேல்பக்கம் விடுவார்கள். நீச்சல் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும், காலில் கழன்றுபோகாத செருப்போ ஷூவோ வேண்டும். போன், சாவி எல்லாவற்றையும் அவர்கள் தரும் பிளாஸ்டிக் பீப்பாயில் போட்டு மூடியை நன்றாகத் திருகுங்கள்.

3. துடுப்பு. முன்னால் இருப்பவர் வேகத்துக்கு, பின்னால் இருப்பவர் திசைக்கு. வலப்பக்கம் திரும்ப வேண்டுமா, பின்னால் இருப்பவர் வலப்பக்கத் தண்ணீரில் துடுப்பை அசையாமல் பிடித்தால் போதும், படகு தானாகத் திரும்பும். கோடையில் பல இடங்களில் கூழாங்கல் தெரியும் அளவுக்குத்தான் ஆழம், அடி தட்டினால் பதறாமல் இறங்கித் தள்ளுங்கள். ஆனால் பாலத்தூண் வரும்போது கவனம், படகு குறுக்காகப் போய் மோதக் கூடாது, தூரத்திலேயே நேராக்கிக்கொள்ளுங்கள். கவிழ்ந்தால், ஓட்டம் வேகமாக இருக்கும் இடத்தில் எழுந்து நிற்க முயலாமல் கால்களை முன்னால் நீட்டி மல்லாந்து மிதந்து கரைக்கு ஒதுங்குங்கள்.

4. நிறுத்தம். வலக்கரையில் லா ரோக் கஜாக் கிராமம் வந்ததும் துடுப்பை மடியில் வையுங்கள். செங்குத்தான பாறைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு தேன் நிற வீடுகள், அவற்றின் நடுவே வாழை மரங்கள்! தெற்கு வெயிலைப் பாறை வாங்கி வைத்துக்கொள்வதால்தான் அங்கே வாழை தாங்குகிறது. இறங்கிப் பாருங்கள், அவசரமே இல்லை. ஒரு காலத்தில் காபார் என்னும் தட்டையான படகுகள் பீப்பாய் செய்வதற்கான ஓக் மரத்தை இதே வழியாகத்தான் கீழே கொண்டுபோயின.

அப்புறம் இடப்பக்கம் காஸ்தெல்நோ கோட்டை, சற்றுத் தள்ளி வலப்பக்கக் குன்றின் மேல் பேநாக் கோட்டை. நூறாண்டுப் போரில் ஆங்கிலேயர் பக்கமும் பிரெஞ்சுப் பக்கமும் இந்த ஆற்றைக் குறுக்கே வைத்துக்கொண்டு முறைத்து நின்ற இடம் இது. பேநாக் தெரிந்ததும் வலக்கரையை ஒட்டியே வாருங்கள், இறங்கும் துறை அந்தப் பக்கம்தான்.