கோலசிலாங்கூர் போகிறீர்களா? முதலில் திதியைப் பாருங்கள்

புரட்டாசி பிறந்தால் போதும், எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்விதான். "அண்ணே, இந்த லீவுக்குக் கோலசிலாங்கூர் போகலாமா?" கேட்பவர்கள் கோலாலம்பூரின் செந்தூல், கெப்போங், பத்துமலைப் பக்கத்துப் பிள்ளைகள்; கோலசிலாங்கூர் அங்கிருந்து வடமேற்கே இருக்கும் கடலோர ஊர். தாத்தா பாட்டி காலத்தில் அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் பால் மரம் (ரப்பர்) சீவிய குடும்பங்கள் இவர்களில் பல. இப்போது ஈஜோக்கும், பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்ட பத்தாங் பெர்ஜுந்தையும் இவர்களுக்கு நெடுஞ்சாலைப் பலகையில் பார்க்கும் பெயர்கள் மட்டுமே.

நான் சுற்றுலா நிறுவனம் நடத்துகிறவன் இல்லை. கோயில் இளைஞர் குழு, அடுக்குமாடிச் சங்கம், சொந்தக்காரர் கூட்டம் என்று ஆள் சேர்ந்தால் வேனும் படகும் பேசிக் கூட்டிப் போகிறவன். செப்டம்பர் முதல் நவம்பர் வரை அங்கே பார்க்க நிறைய உண்டு. ஆற்றில் மின்மினி, கடலுக்குள் ஸ்கை மிரர் மணல்திட்டு, வடக்கிலிருந்து இறங்கும் வலசைப் பறவைகள், செகிஞ்சான் வயல், நடுவில் நவராத்திரி, தீபாவளி. புதிதாக ஏற்பாடு செய்கிறவர்கள், நாங்களெல்லாம் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். குடை, தொப்பி, தண்ணீர்ப் போத்தல் பற்றியெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அது உங்கள் அம்மாவே சொல்லுவார்.

விடுமுறையைப் பார்த்துத் தேதி குறிப்பது

இது ஒன்றுதான் எனக்கு இன்னமும் எரிச்சல் மூட்டுகிறது. காசும் போகும், ஆள்களின் நம்பிக்கையும் போகும்.

முறை எப்படியென்றால், முதலில் பள்ளி விடுமுறையைப் பார்ப்பார்கள், பிறகு ஆபீஸ் லீவு, பிறகு பஸ் கிடைக்கிறதா என்று. எல்லாம் பொருந்தி வந்தால் முன்பணம் கட்டிவிடுவார்கள். நிலா அன்றைக்கு எங்கே இருக்கும் என்று ஒருவரும் கேட்பதில்லை. கோலசிலாங்கூரில் நீங்கள் காணப்போகும் இரண்டு பெரிய காட்சிகளுமே நிலாவின் கையில் இருக்கின்றன.

மின்மினியை எடுத்துக்கொள்ளுங்கள். சிலாங்கூர் ஆற்றோரத்தில் பெரெம்பாங் மரங்களில் கூடும் பூச்சி அது. ஆண் பூச்சிகள் ஒன்றாகச் சேர்ந்து, ஒரே தாளத்தில் மினுக்கும். வெளிச்சம் ஊசிமுனை அளவுதான், ஆகவே இருட்டு வேண்டும். பௌர்ணமியன்று நிலா ஏறக்குறைய சூரியன் மறையும் நேரத்தில் கிளம்பிவிடும். நீங்கள் சம்பான் என்னும் சிறு படகில் ஏறும் எட்டு மணிக்கெல்லாம் ஆறு முழுக்கப் பால் ஊற்றியதுபோல் கிடக்கும். பூச்சிகள் அப்போதும் மினுக்கிக்கொண்டுதான் இருக்கும். உங்கள் கண்ணுக்குத்தான் பாதி தெரியாது.

அடுத்தது ஸ்கை மிரர். சாசாரான் கடலுக்குள் இருக்கும் மணல்திட்டு. கடல் மிகவும் வற்றினால்தான் தலை காட்டும், அதன்மேல் கணுக்கால் அளவுத் தண்ணீர் தேங்கி நின்றால்தான் வானம் அதில் விழும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சூரியன், நிலா, பூமி மூன்றும் ஒரே கோட்டில் வருவதால் ஏற்றமும் பெரிது, வற்றமும் பெரிது. கிள்ளான் துறைமுகப் பக்கம் அந்த நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நான்கு மீட்டர் அளவுக்கு வித்தியாசம் வரும். அந்தச் சில நாள்கள்தான் திட்டு வெளியே வரும். சப்தமி, அஷ்டமி, நவமியில் கடல் அதிகம் ஏறவும் செய்யாது, வற்றவும் செய்யாது. நம் பெரியவர்கள் அஷ்டமி நவமியில் காரியம் தொடங்காதே என்பார்கள். எதற்குச் சொன்னார்களோ, ஸ்கை மிரர் விஷயத்தில் அது அப்படியே பொருந்துகிறது.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மணல்திட்டுக்கு அமாவாசையும் ஆகும், பௌர்ணமியும் ஆகும். மின்மினிக்குப் பௌர்ணமி ஆகாது. ஒரே நாளில் இரண்டையும் பார்க்க வேண்டுமென்றால் அமாவாசையும் அதை அடுத்த இரண்டு மூன்று நாள்களும்தான். பெரிய வற்றம் அமாவாசைக்கு ஓரிரு நாள் தள்ளித்தான் வரும் என்பதால் 'அடுத்த' என்கிறேன். பகல் பொழுதில் பெரிய வற்றம் அங்கே நண்பகலை ஒட்டி வரும், ஆகவே காலையில் படகேறி மதியத்துக்குள் திரும்பிவிடலாம். மின்மினி மட்டும் போதுமென்றால் தேய்பிறைப் பஞ்சமி தொடங்கி வளர்பிறைத் திரிதியை வரை தாராளமாக இடம் உண்டு. நிலா நாளுக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தாமதமாகக் கிளம்பும். தேய்பிறைப் பஞ்சமியில் அது எழுவதற்குள் நீங்கள் வீட்டுக்குக் கிளம்பியிருப்பீர்கள். வளர்பிறையில் கணக்கு தலைகீழ். இருட்டும்போதே நிலா வானத்தில் நிற்கும், நாளுக்கு நாள் இன்னும் நேரம் கழித்துத்தான் மறையும்.

இதற்கு ஆப் எதுவும் வேண்டாம். மளிகைக் கடையில் கொடுத்த தமிழ்க் காலண்டர் உங்கள் சமையலறைச் சுவரில் தொங்குகிறது. அதில் அமாவாசைக்கு ஒரு கறுப்பு வட்டம் போட்டிருப்பார்கள். விரதத்துக்குப் பார்க்கிறோம், தர்ப்பணத்துக்குப் பார்க்கிறோம், படகுக்கு முன்பணம் கட்டும்போது மட்டும் ஏன் பார்ப்பதில்லை என்பது எனக்குப் புரியவே இல்லை.

ஒரு தம்பி, நல்ல பிள்ளை, ஓர் ஐப்பசியில் ஒரு பஸ் நிறைய ஆள் சேர்த்தார். பௌர்ணமியை அவரே தேர்ந்தெடுத்திருந்தார். "நிலா வெளிச்சத்தில் ஆறு அழகா இருக்கும்ல அண்ணே!" எனக்கு விஷயம் தெரியும்போது முன்பணம் போய்விட்டது. ஆறு அழகாகத்தான் இருந்தது. கம்போங் குவாந்தானில் துடுப்புப் போடும் சம்பானில் நான்கு நான்கு பேராக ஏறினார்கள். படகோட்டி வழக்கம்போல ஒரு மரத்தடியில் துடுப்பை நிறுத்தி, கிளையைப் பிடித்துப் படகை நிலைப்படுத்தினார். பின்னால் இருந்த பாட்டி ஒருவர், "எங்கேப்பா?" என்றார். படகோட்டி கையை நீட்டிக் காட்டினார். பாட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் "எங்கே?" என்றார். அந்தக் கேள்வி ஒவ்வொரு சம்பானிலும் கேட்டது. திரும்பும்போது பஸ்ஸில் யாரும் பேசவில்லை. அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் இன்றைக்கும் "அங்கே ஒண்ணும் இல்லை, பூச்சியெல்லாம் செத்துப்போச்சு" என்று சொல்லித் திரிகிறார்கள். இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அஷ்டமிக் கதை இதைவிட மோசம். நேர்மையான படகுக்காரர் அன்றைக்குத் திட்டு வராது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். எங்கள் சொந்தக்காரர் ஒருவரிடம் அப்படிச் சொன்னதும் அவர் கோபப்பட்டு வேறொருவரைப் பிடித்தார். அந்த வேறொருவர் காசை வாங்கிக்கொண்டு, தொடை அளவுக் கலங்கல் தண்ணீரில் இறக்கிவிட்டு, "இன்றைக்குக் கொஞ்சம் அலை" என்றாராம். பிள்ளைகளுக்கு அதற்காகவே வாங்கிய மஞ்சள் சட்டைகள் இடுப்பு வரை சேற்று நிறம். ஆகவே, முடியாது என்று சொல்லும் படகுக்காரரின் எண்ணைத்தான் சேமித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

தீபாவளி அமாவாசையை ஒட்டி வருகிற பண்டிகை. அதாவது வருடத்தின் நல்ல மின்மினி இரவுகளில் சில நமக்கு விடுமுறையோடு சேர்ந்தே கிடைக்கின்றன. கூட்டம் இருக்கும்தான். தீபாவளிக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ பாருங்கள். ஓப்பன் ஹவுசை, அதாவது எல்லோரையும் வீட்டுக்கு அழைத்துப் போடும் விருந்தை, ஒரு வேளை தள்ளி வைத்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆற்றங்கரையில் காரை நிறுத்துவது

மேலே சொன்ன கணக்குக்கு ஒரு மறுபக்கம் உண்டு. அமாவாசை நண்பகலில் கடல் அவ்வளவு வற்றினால், மாலை ஆறு ஏழு மணிக்கு அந்த அளவுக்கு ஏறியும் வரும். செப்டம்பர் கடைசியில் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேரே வருவதால், அதையொட்டி வரும் அமாவாசை, பௌர்ணமிகளில் ஏற்றம் இன்னும் கூடும். செய்தியில் 'கடல் பெருக்கு எச்சரிக்கை' என்று கோலசிலாங்கூர், கிள்ளான், சபாக் பெர்ணம் பெயர்களை வாசிப்பது இதைத்தான். மேலே மழை பெய்து ஆறும் நிறைந்து, கீழே கடலும் ஏறினால் தண்ணீருக்குப் போக வழி ஏது?

சாப்பாட்டுக் கடைகளுக்குப் பக்கத்தில் ஆற்றை ஒட்டிய தாழ்வான இடத்தில் காரை நிறுத்திவிட்டு நண்டுக்குக் காத்திருப்பார்கள். தண்ணீர் ஆற்றுப் பக்கத்திலிருந்து வராது. முதலில் சாக்கடை மூடியின் ஓட்டைகளில் குமிழ் விடும், பிறகு சத்தமில்லாமல் தார்ச்சாலையில் பரவும். கடைக்காரர் நாற்காலிகளைத் தூக்கி மேசைமேல் கவிழ்ப்பதைப் பார்த்தால் பேசாமல் எழுந்து காரை எடுங்கள். அது உப்புத் தண்ணீர். பிரேக்கிலும் ஒயரிலும் ஏறினால் என்ன ஆகும் என்று உங்கள் மெக்கானிக்கே விளக்குவார், பில்லோடு. மேட்டில் நிறுத்திவிட்டு நடந்து வருவது நல்லது.

மதியத்துக்கு மேல் திட்டம் போடுவது

அக்டோபர் என்பது இரண்டு பருவக்காற்றுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட மாதம். காலை வெயில் முதுகைப் பிளக்கும், மூன்று மணிக்கு மேல் இடியோடு கொட்டும். பல நாள்கள் இப்படித்தான் போகும். ஆகவே புக்கிட் மெலாவத்தி குன்று, தாமான் ஆலாம் இயற்கைப் பூங்காவின் சதுப்புநிலப் பலகை நடை, மணல்திட்டு எல்லாவற்றையும் மதியச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடுங்கள். மூன்றிலிருந்து ஆறு வரை எதுவும் வைக்காதீர்கள். சிலர் அந்த இடைவெளி வீணாகிறதே என்று கடற்கரை விளையாட்டு வைக்கிறார்கள். இடி முழங்கும்போது ஜெராம் கடற்கரைத் திறந்தவெளியில் கயிறிழுப்புப் போட்டியா?

இருட்டும் நேரத்தையும் கவனியுங்கள். ஜூலையில் ஏழரை மணிக்கு மறைகிற சூரியன் நவம்பர் தொடக்கத்தில் ஏழுக்குள் மறைந்துவிடும். போன பள்ளி விடுமுறையில் எத்தனை மணிக்குப் போனோமோ அதே நேரத்துக்குப் போனால் படகு வரிசையில் கடைசி ஆள் நீங்கள்தான். மாலை மழை விடாவிட்டால் படகு ஓடாது. பணத்தைத் திருப்பிக் கொடுப்பார்களா, வேறு நாள் தருவார்களா என்று முன்பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.

வெளிச்சம்

கேமரா ஃப்ளாஷ் வேண்டாம் என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தும் ஒரு மாமா கட்டாயம் அடிப்பார். நான் சொல்ல வந்தது பிள்ளைகளின் காலணி. அடி வைத்தால் சிவப்பும் நீலமுமாக மின்னுமே, அது. அந்தக் காலணியோடு ஒரு நான்கு வயதுக்காரர் சம்பானில் ஏறினால் அந்தப் படகில் உள்ள யாருக்கும் இருட்டு பழகாது. கண் இருட்டுக்குப் பழகப் பத்துப் பதினைந்து நிமிடமாவது வேண்டும், ஒவ்வொரு மின்னலிலும் அது முதலிலிருந்து தொடங்கும். காலணியை வேனிலேயே கழற்றி வையுங்கள். ஸ்மார்ட் வாட்ச்சுக்கும் இதே சட்டம்.

கொசு மருந்தைப் படகுத்துறைக்கு வரும் முன்பே தடவிக்கொள்ளுங்கள். மரத்தடியில் நின்று ஸ்பிரே அடித்தால் அது கொசுவை மட்டும் தேடிப் போகாது.

கழுகுக்குக் கோழித்தோல் வீசுவது

செய்யாதீர்கள். படகில் 'கழுகு' என்று காட்டும் செம்பருந்தைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டு "கிருஷ்ணா" என்கிறோம், அடுத்த நிமிடம் அதற்கே கோழிக்கொழுப்பை எறிகிறோம்.

புரட்டாசியில் கடலுணவு

பாசிர் பெனாம்பாங் மீனவர் கிராமம் என்றாலே நண்டு, இறால், மீன்தான் எல்லோருக்கும் நினைவு வரும். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை போனால் வேனில் பாதிப் பேர் சைவம். ஏற்பாட்டாளர் இளைஞராக இருந்தால் இது நினைவுக்கே வராது. பத்துப் பேர் நண்டு உடைக்க, எதிரே அத்தைமார் வெறும் சோறும் வறுத்த கீரையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும், அந்தக் கீரையில் பெலாச்சான் (இறால் விழுது) போட்டிருப்பது இரண்டாவது வாயில் தெரியவருவதும் பார்க்கச் சகிக்காத காட்சி. முன்கூட்டியே டவுனில் ஒரு சைவச் சாப்பாட்டுக் கடையில் சொல்லி வையுங்கள், அல்லது புளிச்சோறு கட்டிக்கொண்டு போங்கள்.

செகிஞ்சான் வயலைத் தூரத்திலிருந்தே முடிவு செய்வது

வருடத்துக்கு இரண்டு போகம். பச்சையாகவும் இருக்கலாம், பொன்னிறமாகவும் இருக்கலாம், அறுத்து முடிந்து வெறும் சேறாகவும் இருக்கலாம். போன வருடத்துப் படத்தைப் பார்த்துப் போகாதீர்கள். அங்கே தங்குவிடுதி நடத்துகிற யாருக்காவது போன் போட்டு இன்றைய படம் ஒன்று அனுப்பச் சொல்லுங்கள், அனுப்புவார்கள்.

வலசைப் பறவைகளை வற்றத்தில் தேடுவது

வற்றத்தில் அவை எங்கோ தூரச் சேற்றில் புள்ளியாக நிற்கும். தண்ணீர் ஏற ஏறச் சேறு சுருங்கும், பறவைகளும் கரைப்பக்கம் நெருங்கி வரும். ஏற்றம் உச்சிக்குப் போவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்ச் சும்மா உட்கார்ந்திருங்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போவதென்றால் அதை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சும்மா உட்காருவது அவர்களால் ஆகாத காரியம்.