முதன்முறை இத்தாலி செல்பவருக்கு: கிழமை பார்த்து டஸ்கனிப் பயணம் திட்டமிடும் முறை

இத்தாலிக்கு முதன்முறையாகச் செல்பவர்களில் பலர் ரோம், வெனிஸ், மிலான், பைசா என எல்லாவற்றையும் ஒரே வாரத்துக்குள் அடைத்துக்கொண்டு, பாதிப் பயணத்தை ரயிலிலும் மீதியைப் பெட்டி உருட்டுவதிலும் கழித்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஒரு பழைய நகரம், ஒரு மலையூர், அதற்கு அப்பால் உள்ள நாட்டுப்புறம் ஆகிய மூன்றோடு நிறுத்திக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. நடு இத்தாலியில் உள்ள டஸ்கனிப் பகுதியில் ஃபுளோரன்ஸுக்கு மூன்று இரவுகள், சியெனாவுக்கு ஒன்று, வால் டோர்ச்சா பள்ளத்தாக்குக்கு மூன்று என ஒதுக்கினால் ஏழு இரவுகளில் நிதானமாகப் பார்க்கலாம்.

முதல் படி: மாதமும் கிழமையும்

ஏப்ரல் பிற்பாதி முதல் ஜூன் தொடக்கம் வரையும், செப்டம்பர் முதல் அக்டோபர் நடுப்பகுதி வரையும் நடப்பதற்கு ஏற்ற காலம். ஆகஸ்ட் 15 அங்கே பெரிய விடுமுறை நாள். அதையொட்டிக் குடும்பங்கள் நடத்தும் கடைகள் பலவும் பூட்டிக் கிடக்கும்.

நம் ஊரில் ராகுகாலம் பார்ப்பவர்கள்கூட இத்தாலிக்குக் கிழமை பார்க்க மறந்துவிடுகிறார்கள். ஃபுளோரன்ஸின் உஃபிசி கலைக்கூடமும், மைக்கேலாஞ்சலோவின் தாவீது சிலை உள்ள அக்காதெமியாவும் திங்கட்கிழமை மூடியிருக்கும். நாட்டுப்புறப் பேருந்துகள் ஞாயிற்றுக்கிழமை மிகக் குறைவு. வாடகைக் கார் அலுவலகங்கள் பலவும் சனிக்கிழமை பிற்பகலிலிருந்து ஞாயிறு முழுவதும் திறப்பதில்லை. ஆகவே செவ்வாய்க்கிழமை ஃபுளோரன்ஸ் வந்து சேர்ந்து, வெள்ளியன்று சியெனாவுக்குப் போய், சனிக்கிழமை காலையில் கார் எடுத்து, அடுத்த செவ்வாயன்று திருப்பிக் கொடுக்கும்படி நாள்களை அமைத்துக்கொண்டால் மூன்று சிக்கல்களும் ஒருசேர நீங்கிவிடும்.

இரண்டாம் படி: விசா

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுகளுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம். விசா கைக்கு வரும் வரை, கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய அறைகளையே பதிவு செய்யுங்கள்.

மூன்றாம் படி: நேரம் குறித்த சீட்டுகள்

விசா வந்தவுடன் செய்ய வேண்டிய வேலை இது. ஃபுளோரன்ஸ் பேராலயத்தின் குவிமாடத்தில் ஏறுவதற்கு நாளும் நேரமும் குறித்த முன்பதிவு வேண்டும். தரையிலிருந்து மரச்சாரம் எழுப்பாமல் கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி கட்டி, 1436-இல் முடித்த குவிமாடம் அது. உள்ளும் புறமுமாக இரண்டு அடுக்குகள் கொண்டது. அவற்றுக்கு நடுவே தோள் உரசும் குறுகிய வழியில் 463 படிகள் ஏற வேண்டும், மின்தூக்கி கிடையாது. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே சதுக்கத்தில் உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்பதில் குறையொன்றும் இல்லை. உஃபிசிக்கு ஒரு காலையும் தாவீதுக்கு மறுநாள் காலையும் கொடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால் கண்ணும் காலும் சேர்ந்தே சோர்ந்துவிடும். தேவாலயங்களுக்குள் தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும். பையில் ஒரு துப்பட்டா இருந்தால் போதும்.

நான்காம் படி: ரயிலும் பேருந்தும்

ரோமிலிருந்து ஃபுளோரன்ஸுக்கு அதிவேக ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். அந்தச் சீட்டில் இருக்கையும் நேரமும் குறித்திருக்கும். வட்டார ரயிலுக்குக் காகிதச் சீட்டு வாங்கினால், ஏறுவதற்கு முன் நடைமேடையருகே உள்ள சிறிய பெட்டியில் அதைச் செருகி நேர முத்திரை பதித்துக்கொள்ளுங்கள். முத்திரையில்லாத சீட்டுக்கு அபராதம் உண்டு. சியெனாவுக்குப் பேருந்தே வசதி. ரயில் நிலையம் மலையடியில் இருக்க, பேருந்து பழைய நகரத்தின் அருகிலேயே இறக்கிவிடும்.

சியெனாவைப் பகலில் வந்து போகும் ஊராக நினைத்துவிட வேண்டாம். மாலையில் சுற்றுலாப் பேருந்துகள் கிளம்பிய பிறகு, சிப்பி வடிவில் சரிந்து கிடக்கும் காம்போ சதுக்கத்தின் செங்கல் தரையில் ஊர்க்காரர்களோடு நீங்களும் உட்காரலாம். ஜூலை 2, ஆகஸ்ட் 16 ஆகிய நாள்களில் அங்கே குதிரைப் பந்தயம் நடக்கும். பந்தயம் பார்க்கும் எண்ணம் இல்லையென்றால் அந்நாள்களைத் தவிர்த்துவிடுங்கள். பேராலயத்தை உலகின் பெருங்கோயில்களுள் ஒன்றாக்க 1339-இல் வேலை தொடங்கினார்கள். 1348-இல் கொள்ளைநோய் வந்து நகரத்தைச் சிதைத்ததோடு அந்த வேலை நின்றுபோனது. அப்போது எழுப்பி, கூரையே காணாமல் தனித்து நிற்கும் சுவரின் உச்சிக்கு இன்றும் ஏறலாம். அங்கிருந்து ஊர் முழுவதும் தெரியும்.

ஐந்தாம் படி: கார்

ஒருமுறை பேருந்தை நம்பி ஞாயிற்றுக்கிழமை ஒரு சிற்றூருக்குப் போய், நான்கு மணி நேரம் மதில் நிழலில் உட்கார்ந்திருந்தேன். நாட்டுப்புறத்துக்குக் கார் வேண்டும் என்று நான் சொல்வது அதன் பிறகுதான். ஊரிலேயே, இந்தியாவில் என்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில், பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை வாங்கி, சொந்த உரிமத்தோடு சேர்த்துக் கொண்டுசெல்லுங்கள். அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். ரவுண்டானாவுக்குள் இடப்புறமிருந்து வருகிறவர்களுக்கு வழிவிடுவதை முதல் நாள் நினைவில் வைத்துக்கொண்டே இருங்கள்.

பழைய நகரங்களின் நடுப்பகுதியில் வெளியார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. எல்லையில் வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் கொண்ட பலகை இருக்கும். அதனருகே மின்பலகையில் ‘வார்கோ அத்தீவோ’ என்று ஒளிர்ந்தால், வாயில் திறந்திருக்கிறது என்று பொருள் கொண்டு நுழைந்துவிடாதீர்கள். கேமரா வேலை செய்கிறது, உள்ளே வராதே என்பதே அதன் பொருள். அபராதக் கடிதம் மாதங்கள் கழித்து வீடு தேடி வரும். வாடகை நிறுவனம் தன் பங்குக்கு ஒரு கட்டணமும் பிடித்துக்கொள்ளும். வண்டியை மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து போவதே வழி.

ஆறாம் படி: நாட்டுப்புறம்

விடுதிக்குப் பதிலாக, விருந்தினரைத் தங்கவைக்கும் பண்ணை வீடுகளைத் தேடுங்கள்; ‘அக்ரிதூரிஸ்மோ’ என்பார்கள். வால் டோர்ச்சாவில் உள்ள பியென்சாவை ஒரு காலையில் பார்த்துவிடலாம். தான் பிறந்த சிற்றூரைப் போப் இரண்டாம் பயஸ் (இத்தாலிய மொழியில் பியோ) 1459 முதல் புதிதாகக் கட்டியெழுப்பி, தன் பெயரையே அதற்கு வைத்தார். அங்கிருந்து அருகில்தான் மொண்டேபுல்சியானோ. 1606-இல் மதுரைக்கு வந்து, தமிழ் கற்று, தத்துவ போதகர் என்று அறியப்பட்ட இயேசு சபைப் பாதிரியார் ராபர்ட் தெ நோபிலியின் குடும்பத்துக்கு ஊர் அது என்பதை அறிந்து அந்தச் செங்குத்தான தெருவில் ஏறினால், நமக்குச் சற்றே வேறுவிதமாக இருக்கிறது.

சாப்பாட்டில் சைவர்களுக்குச் சிரமம் குறைவு. பழைய ரொட்டி, வெள்ளை பீன்ஸ், கருங்கீரை சேர்த்துக் கொதிக்கவைக்கும் ‘ரிபொல்லீத்தா’வும், பூண்டும் தக்காளியும் சேர்ந்த பாஸ்தாவான ‘பீச்சி அல்லாலியோனே’யும் கிடைக்கும். எதற்கும் ‘சென்சா கார்னே’, அதாவது இறைச்சி வேண்டாம் என்று சொல்லி, இறைச்சிச் சாறு சேர்ந்ததா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அங்குள்ள பாரம்பரியப் பாலாடைக்கட்டிகள் பெரும்பாலும் விலங்கின் இரைப்பை நொதியால் உறையவைப்பவை. கண்டிப்பான சைவர்கள் தவிர்க்கலாம். ரொட்டியில் உப்பு இராது. அது சமையற்காரரின் மறதி அல்ல, டஸ்கனியின் வழக்கம். இரவு உணவு பொதுவாக ஏழரைக்குப் பிறகே தொடங்கும். பில்லில் காணும் ‘கோப்பெர்தோ’ என்பது ஆளுக்கு இவ்வளவு என்ற இருக்கைக் கட்டணம். காபியை நின்றுகொண்டு குடித்தால் மலிவு.

கடைசிச் செவ்வாயன்று காரைக் காலையிலேயே திருப்பிக் கொடுங்கள், நகரங்களில் தங்குவோருக்கான வரியை விடுதிகள் பெரும்பாலும் தனியாக வாங்கும் என்பதால் சிறிது சில்லறையும் வைத்திருங்கள்.