புதுப் பக்கம் எழுதும் முன் பழைய தலைப்பைத் திருத்துங்கள்

உங்கள் தளம் கூகுள் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் இலவசக் கருவி கூகுள் சர்ச் கன்சோல். அதில் பெர்ஃபார்மன்ஸ் அறிக்கையைத் திறந்து, இம்ப்ரெஷன் (தேடல் முடிவில் தெரிந்த தடவை) நிறைய, கிளிக் குறைவாக இருக்கும் பக்கங்களைப் பிடியுங்கள். 'சராசரி இடம்' என்ற கட்டத்தையும் டிக் செய்தால், தேடல் முடிவில் 5 முதல் 15ஆம் இடத்துக்குள் நிற்பவை எவை என்று தெரியும். அப்படி ஒரு பக்கத்தைச் சொடுக்கி, எந்த வார்த்தைகளைப் போட்டுத் தேடினார்கள் என்று பாருங்கள். தேடல் முடிவில் தெரியும் உங்கள் பக்கத் தலைப்பு "எங்கள் சேவைகள்" என்று பொத்தாம்பொதுவாக இருக்கும். தேடியவரோ "பழைய போட்டோ ஸ்கேன் செய்வது எப்படி" என்று கேட்டிருப்பார். அவருடைய வார்த்தையையே தலைப்பின் தொடக்கத்தில் வையுங்கள்.

கூகுள் அந்தப் பக்கத்தை ஏற்கெனவே காட்டிக்கொண்டுதான் இருக்கிறது. பார்ப்பவர்தான் தாண்டிப் போகிறார். தான் கேட்டது கண்ணில் பட்டால் சொடுக்குவார், அவ்வளவுதான். பைசா செலவில்லாத வேலை. பலன் தெரியச் சில வாரம் ஆகலாம். அதற்குள் மறுபடி மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள்.

புதிதாகத் தொடங்கிய தளத்துக்கு இது உதவாது, பார்க்க எண்ணிக்கையே இருக்காது. 40ஆம் இடத்தில் கிடக்கும் பக்கத்துக்கும் தலைப்பு மட்டும் போதாது, உள்ளே இருப்பதைத்தான் திருத்த வேண்டும். அப்புறம், பக்கத்தில் இல்லாததைத் தலைப்பில் போட்டால் கூகுளே வேறு தலைப்பை வைத்துக் காட்டிவிடக்கூடும்.