ஆட்டிசம் உள்ள டீன்ஏஜ் பிள்ளையோடு மனநல வார்டில் இருக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை பக்கத்தில் பிள்ளைக்கு மனநல வார்டு தேவைப்பட்டால் நிறைய பேர் திருவனந்தபுரத்துக்குத்தான் வண்டி பிடிக்கிறோம். அங்கே சேர்த்ததும் "இனி எல்லாம் டாக்டர் பார்த்துப்பார்" என்று பெற்றோர் ஒதுங்கிவிடுவதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய தவறு. டாக்டருக்கு நோய் தெரியும், உங்கள் பிள்ளையைத் தெரியாது. அவர் பார்ப்பது அவன் மிக மோசமாக இருக்கும் நாட்களை மட்டும்தான். நல்ல நாளில் அவன் எப்படி இருப்பான் என்பதை நீங்கள் சொன்னால்தான் உண்டு.

அதனால் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். கையை உதறுவது, முன்னும் பின்னும் ஆடுவது, டிவி விளம்பரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது எல்லாம் சின்ன வயதிலிருந்தே இருக்கிறதா? அதை எழுதாவிட்டால் புது அறிகுறி என்று கேஸ் ஷீட்டில் ஏறிவிடும். "குரல் கேட்குதா?" என்று டாக்டர் கேட்பார். பக்கத்து அறையில் சிஸ்டர் பேசுவது காதில் விழுகிறதே, அவன் உண்மையாக "கேட்குது" என்பான், அது மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்று எழுதிவிடுவது வரை போகலாம். அறையில் யாரும் இல்லாதபோது, டிவியும் போனும் ஓடாதபோது பேச்சு கேட்கிறதா என்று உடைத்துக் கேட்கச் சொல்லுங்கள். மலையாளம் நமக்குப் பழக்கம்தான், ஆனால் பதற்றத்தில் இருக்கும் பிள்ளைக்கு வீட்டில் சொல்லும் அதே வார்த்தைதான் உள்ளே ஏறும். தண்ணீர், கழிப்பறை, வலி, வேண்டாம் என்பதற்குப் படம் போட்ட அட்டை ஒன்றைச் செய்து, கீழே மலையாளத்திலும் எழுதி, ஷிப்ட் மாறும் ஒவ்வொரு சிஸ்டரிடமும் காட்டுங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு, எதைக் கண்டாலும் "அது ஆட்டிசம்தான்" என்று தள்ளிவிடுவது. ஆட்டிசம் மனநோய் இல்லை, அதைக் குணப்படுத்த வார்டில் சேர்ப்பதும் இல்லை. பதினைந்து வயதில் ஒரு பிள்ளை திடீரென்று தலையை சுவரில் மோதுகிறான் என்றால் பல்வலியா, காதுவலியா, மலச்சிக்கலா, பெண் பிள்ளைக்கு மாதவிலக்கு வலியா என்று முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும். வலிப்பு நோய் இந்த வயதில் தொடங்குவதும் உண்டு. நன்றாக நடந்துகொண்டிருந்தவன் வாசற்படியில் அப்படியே உறைந்து நிற்கிறான், கையில் எடுத்த சோறு வாய்க்குப் போவதில்லை, பேச்சு குறைந்துகொண்டே வருகிறது என்றால் கேட்டடோனியாவா (உடம்பும் பேச்சும் இப்படி உறைந்துபோகும் நிலை) என்று வாய்விட்டுக் கேளுங்கள். அது லோரஸிபாம் போன்ற மருந்தால் குறையும். வேறு சில மனநோய் மருந்துகள் அதை மோசமாக்கவும் கூடும், அதனால் சரியான நேரத்தில் கண்டுபிடிப்பது மிக முக்கியம்.

அப்புறம், பீச்சுக்குப் போகலாம் என்று ஏமாற்றிக் கூட்டிவராதீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் எங்கே கூப்பிட்டாலும் வண்டியில் ஏற மாட்டான். "மக்களே, இது ஆஸ்பத்திரி, ராத்திரி இங்கதான் தூங்குவோம், அம்மா கூட இருப்பேன்" என்று நேராகச் சொல்லுங்கள். "நாளைக்கு வீட்டுக்குப் போயிரலாம்" என்று மட்டும் வாய்தவறியும் சொல்லாதீர்கள், அவன் அதை அப்படியே நம்பிக்கொண்டு காத்திருப்பான். வெள்ளிக்கிழமை டாக்டர் வருவார், அப்போது கேட்போம் என்பது போதும்.

கூட இருப்பது உங்கள் உரிமையும்கூட. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 87-ஆம் பிரிவுப்படி 18 வயதுக்குக் கீழே உள்ளவரைப் பெரியவர்களோடு ஒரே இடத்தில் வைக்கக்கூடாது, பெற்றோரோ பைஸ்டாண்டரோ (நோயாளிக்குத் துணையிருப்பவர்) முழு நேரமும் உடனிருக்க வேண்டும், மகளோடு அப்பா மட்டும் இருந்தால் பெண் துணை ஒருவர் வேண்டும். மத்திய சட்டம் என்பதால் செக்போஸ்ட் தாண்டினாலும் மாறாது. அவன் கத்தும்போது "கட்டிப் போடுங்க சிஸ்டர்" என்று நீங்களே சொல்லிவிடாதீர்கள், தயவுசெய்து. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவர் அனுமதியோடுதான் கட்டலாம், அதை 24 மணி நேரத்துக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 97-ஆம் பிரிவு. தனி அறையில் பூட்டி வைப்பதற்கு அனுமதியே இல்லை.

மருந்தைப் பற்றிக் கேட்க வெட்கப்படாதீர்கள். எதற்காக, எவ்வளவு நாள், என்ன பக்கவிளைவு? ரிஸ்பெரிடோன் என்ற மனநோய் மருந்து கொடுத்தால் பசியும் எடையும் கூடலாம், மலம் இறுகலாம். உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருந்தால் "அடங்க மாட்டேங்கிறான்" என்று டோஸ் ஏற்றுவதற்கு முன், அந்த மருந்தால்தான் வருகிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். வீட்டிலிருந்து கஷாயமோ லேகியமோ டாக்டருக்குத் தெரியாமல் கொடுக்க வேண்டாம். சபை ஆட்கள் ஜெபிக்கட்டும், பாட்டி நேர்ச்சை வைக்கட்டும், அதற்காக மாத்திரையை நிறுத்தச் சொல்ல யாரையும் விடாதீர்கள். மாமா, சித்தி என்று கூட்டமாக வந்து கட்டிலைச் சுற்றி நிற்பதும் வேண்டாம், அவனுக்குப் பழகிய ஒன்றிரண்டு முகம் போதும். கேரளத்து மட்டை அரிசிச் சோறு அவனுக்கு இறங்காது என்றால் அனுமதி கேட்டு வீட்டுச் சோறு கொண்டுவாருங்கள், புது ருசி பழக்க வார்டு இடமில்லை.

டிஸ்சார்ஜ் ஆன மறுநாளே பள்ளிக்கு அனுப்புவதும் தவறு. சம்மரியில் மருந்தின் வேதியியல் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், பிராண்டு நம்ம ஊர்க் கடையில் கிடைக்காமல் போகலாம். அடுத்த ஓபி திருவனந்தபுரத்திலா, நாகர்கோவில் பக்கம் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியிலா என்பதை வார்டிலேயே பேசி முடியுங்கள். தன்னைக் காயப்படுத்திக்கொண்ட பிள்ளை என்றால் வீடு திரும்பிய முதல் சில வாரங்கள்தான் மிகக் கவனமாக இருக்க வேண்டிய காலம். மாத்திரையை நீங்களே வைத்து, நீங்களே எடுத்துக் கொடுங்கள். ரப்பர் பால் உறைய ஊற்றும் ஆசிட் நம்ம பக்கத்தில் பல வீடுகளின் சாய்ப்பில் (வீட்டை ஒட்டிய கொட்டகையில்) அப்படியே இருக்கும், பூச்சிமருந்தும் கூடவே இருக்கும், பிள்ளை வருவதற்கு முன்பே இரண்டையும் வீட்டைவிட்டு வெளியேற்றுங்கள். ராத்திரியில் திடீரென்று நிலைமை கைமீறிப் போவதுபோல் இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. உயிருக்கு ஆபத்து என்றால் போனில் நேரத்தைக் கடத்தாமல் பக்கத்து ஆஸ்பத்திரி கேஷுவால்டிக்குப் போய்விடுங்கள்.