சரக்கு விமானத்தில் சுமை ஏற்றும் வேலை: யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க நினைப்பவர்களுக்கு

குறிகட்டுவானில் நெடுந்தீவு வள்ளத்துக்குச் சாமான் ஏற்றுபவர்களைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். சீமெந்துப் பைகள் அடியில், நடுவில் போகும். ஒரு பக்கம் சரிந்தால் உடனே இரண்டு பையை மற்றப் பக்கம் மாற்றுவார்கள். தண்ணீரில் நிற்கும் வள்ளம் தன் சரிவைக் காட்டிவிடும். சக்கரத்தில் நிற்கும் விமானம் அனேகமாகக் காட்டாது. எழும்பிய பிறகுதான் தெரியும், அப்போது மாற்ற நேரம் இராது. அதனால் இந்தத் தொழிலில் எல்லாமே தராசும் கணக்கும்தான்.

முதலில் பலெட், அதாவது சாமான்களை அடுக்கிக் கட்டி விமானத்தில் ஏற்றும் தட்டு. நேட்டோ நாடுகளின் படைகளில் பொதுவாகப் புழங்குவது 463எல் வகை: 88 அங்குலம் அகலம், 108 அங்குலம் நீளம், இரண்டேகால் அங்குலம் தடிப்பு. மேலே அலுமினியத் தகடு, உள்ளே பல்சா மரம். வெறும் பலெட் 290 இறாத்தல் (பவுண்ட்), வலைகளோடு 355. தாங்கக்கூடியது 10,000 இறாத்தல். சுற்றிவர 22 வளையங்கள் உண்டு, ஒவ்வொன்றும் 7,500 இறாத்தல் இழுவை தாங்கும்.

பலெட்டை நேரே நிலத்தில் வைக்கக் கூடாது. நாலுக்கு நாலு அங்குல மரக்கட்டை மூன்றை, 88 அங்குலத்துக்குக் குறையாத நீளத்தில், அடியில் போடுங்கள். எங்கள் செம்மண் மாரியில் ஒட்டினால் விட்டுப் போகாது. அந்த மண் விமானத்தின் உருளைகளுக்குள்ளும் பூட்டுகளுக்குள்ளும் போய்ச் சிக்கும். தகட்டில் ஓட்டை இருந்தால் பல்சா தண்ணீர் குடித்துப் பாரம் ஏறும். அப்படிப்பட்ட பலெட்டை ஒதுக்கிவிடுங்கள்.

அடுக்க 84க்கு 104 அங்குலம்தான் உங்களுக்கு. ஓரத்தில் இரண்டு அங்குலம் வலைக்கும் விமானத் தரையின் தண்டவாளத்துக்கும். பாரமானவை அடியில், நடுவில். பெட்டிகளைச் செங்கல் கட்டுவதுபோல் மூட்டு மாற்றி அடுக்குங்கள். எச்சரிக்கை லேபிள்கள் வெளிப்பக்கம் தெரியவேண்டும். பொதுவான உயர எல்லை 96 அங்குலம். பிறகு பொலித்தீன் உறை, பக்க வலை இரண்டு, மேல் வலை. இறுக்கும்போது எதிரெதிர் மூலைகளில் இருவர் ஒரே நேரத்தில் இழுக்கவேண்டும். ஒருவர் ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் வந்தால் அடுக்கு முழுதும் இரண்டு, மூன்று அங்குலம் நகர்ந்திருக்கும்.

சிறிய கால்களுள்ள யந்திரமென்றால் இன்னொரு கணக்கு. பலெட் ஒரு சதுர அங்குலத்துக்கு 250 இறாத்தல்தான் தாங்கும். நாலுக்கு நாலு அங்குலக் கால் ஒன்றின் பரப்பு 16 சதுர அங்குலம். கீழே இரண்டங்குலப் பலகை வைத்தால் பாரம் ஒவ்வொரு பக்கமும் இரண்டங்குலம் விரியும்: எட்டுக்கு எட்டு, 64 சதுர அங்குலம். ஒரு பலகையால் அழுத்தம் காற்பங்காகிறது.

இனிச் சங்கிலி. பலரும் பிழைவிடுவது இங்கேதான். விமானத்தில் சுமை முன்பக்கம் தன் பாரத்தின் மூன்று மடங்கு விசையோடும், பின்பக்கமும் பக்கவாட்டிலும் ஒன்றரை மடங்கோடும், மேல்நோக்கி இரண்டு மடங்கோடும் தள்ளும் என்று வைத்துத்தான் கட்டவேண்டும். 9,000 இறாத்தல் வாகனம் ஒன்றை எடுங்கள். முன்பக்கத்துக்கு 27,000 வேண்டும். 10,000 இறாத்தல் தாங்கும் சங்கிலியைத் தரையோடு 30 பாகை, வாகனத்தின் நீளப்பாட்டோடு 30 பாகையாகக் கட்டினால் நீளவாட்டில் கிடைப்பது முக்கால்வாசி, 7,500. எனவே முன்னுக்கு நாலு சங்கிலி. பின்னுக்கு 13,500க்கு இரண்டு. ஆறோடு முடிந்தது என்று எழும்பிவிடாதீர்கள். பக்கவாட்டில் ஒரு சங்கிலி தருவது 4,330தான். பக்கத்துக்கு மூன்று என்றால் 12,990, தேவையோ 13,500. இன்னொரு சோடி போட்டு எட்டாக்கவேண்டும். நாலு திசையையும் தனித்தனியே கூட்டிப் பார்க்காதவருக்கு இந்தக் குறை தெரியவே தெரியாது.

2013 ஏப்ரல் 29இல் ஆப்கானிஸ்தானின் பாக்ராமில் இராணுவக் கவச வாகனங்கள் ஐந்தை ஏற்றிய போயிங் 747 சரக்கு விமானம் எழும்பியதும் விழுந்தது. ஏழு பேரும் இறந்தார்கள். வாகனங்களைப் பிணைத்த பட்டிகள் போதவில்லை. பின்பக்கம் நகர்ந்த வாகனம் வால் பகுதியின் கட்டுப்பாட்டு அமைப்புகளை உடைத்தது என்று விசாரணை கண்டது. கணக்குப் பிழையின் விலை அது.

அபாயப் பொருட்களைத் தனியாகக் கவனியுங்கள். பெற்றோல் மிஞ்சிய ஜெனரேற்றர், லிதியம் பற்றரி, ஒட்சிசன் சிலிண்டர்: எதுவும் உரிய ஆவணம் இல்லாமல் ஏறக்கூடாது. சிவில் துறையில் இதற்கான பயிற்சியை 24 மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும்.

எங்கே படிப்பது? அமெரிக்க விமானப்படையில் இது தனித் தொழில், 2டி2எக்ஸ்1 என்ற குறியீடு. குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ உள்ள உறவினர் பிள்ளைகள் சேரலாம். டெக்சாஸ் லாக்லாண்டில் ஏழரை வாரம் அடிப்படைப் பயிற்சி, அதன்பின் தொழிற்பயிற்சி. அங்கே சுமையோடு பறந்து போகும் லோட்மாஸ்டர் வேறு தொழில். விண்ணப்பிக்கும்போது இரண்டையும் குழப்பாதீர்கள். இலங்கையில் விமானப்படையின் சி-130 சரக்கு விமானங்கள் இரத்மலானையில் உள்ளன. பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமானது. அங்கே வந்துபோகும் ஏடிஆர் பயணிகள் விமானங்களில் பலெட் இல்லை, பொதிகளைக் கையால்தான் அடுக்குவது. என்றாலும் நிறைக் கணக்கு அதேதான்.

அந்தக் கணக்கை இப்போதே பழகலாம். சாதாரண தரத்தில் படித்த விசையின் திருப்பம் போதும். லொறியின் முன்சக்கரங்களை மட்டும் நிறுவைப் பாலத்தில் ஏற்றி நிறுங்கள், பிறகு பின்சக்கரங்களை. முன்னுக்கு 1,500 கிலோ, லொறியின் முன் நுனியிலிருந்து 1 மீற்றர். பின்னுக்கு 2,500 கிலோ, 4 மீற்றர் என்றால் திருப்பங்களின் கூட்டுத்தொகை 11,500. அதை மொத்த நிறை 4,000ஆல் பிரித்தால் 2.875 மீற்றர். ஈர்ப்பு மையம் அங்கே. லொறியின் இரு பக்கமும் அந்த இடத்தில் சோக்கால் கோடு போட்டு, பக்கத்தில் நிறையை எழுதுங்கள். பின்பு சுமையை மாற்றி அடுக்கி, மறுபடி நிறுத்து, கோடு எவ்வளவு நகர்ந்தது என்று அளந்து பாருங்கள்.